எந்த ஊரும்மா? – குறிப்புதவி மேசையில் கேட்கப்படும் கேள்வியின் வரலாறு

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவி ஒருவர் முதுகலை வரலாறு படிக்கிறார். திருச்சியில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருக்கிறார். சொந்த ஊர் தொட்டியம் தாலுகாவில் காவிரிக்கரை ஓரம். போன வருடம் அவர் ஒரு நூலகத்துக்குப் போனார். எந்த நூலகம் என்பது இங்கே முக்கியமில்லை. உங்களில் பலருக்கு இதே அனுபவம் வேறு வேறு கட்டடங்களில் நடந்திருக்கும்.

மேசையில் இருந்தவரிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: “மேடம், ஆதிதிராவிடர் பத்தி புத்தகம் ஏதாவது இருக்கா?”

“எந்த ஊரும்மா?”

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

இதற்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. “குரூப் ஃபோர் கைடெல்லாம் கடைசி ரேக்ல இருக்கு. பாத்துட்டு எடுத்த இடத்துலயே வெச்சிரு.”

அவர் கடைசி ரேக்குக்குப் போனார். ஒரு கைடை எடுத்து அரை மணி நேரம் புரட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, வெளியே போகச் சொல்லவில்லை. புகார் எழுதலாம் என்றால் என்னவென்று எழுதுவது? எங்களிடம் சொல்லும்போது அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் உண்மையில் கேட்க நினைத்தது வேறு. அவருடைய அப்பாயி சாகும்வரை ஒரு நிலத்தைக் காட்டி “அது நம்ம டி.சி. நெலம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அங்கே வேறொருவரின் வாழைத்தோப்பு இருக்கிறது. அந்த ‘டி.சி.’ என்றால் என்ன, அது எந்தக் காகிதத்தில் இருக்கும், நம் வீட்டில் யாராவது அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார்களா? இந்தக் கேள்விதான் மேசைக்கு வந்தபோது “ஆதிதிராவிடர் பத்தி புத்தகம்” என்று சுருங்கியது. மேசையைத் தாண்டியபோது “குரூப் ஃபோர் கைடு” ஆனது.

நூலக அறிவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1968இல் ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வாசகரின் தேவை நான்கு படிகளில் இறங்கி வருகிறது என்றார். முதலில் சொல்லத் தெரியாத ஒரு உறுத்தல் இருக்கும். பிறகு அது மனதுக்குள் ஒரு தெளிவற்ற வடிவம் பெறும். பிறகு கேள்வியாகும். கடைசியில், இந்த நூலகத்தில் என்ன கிடைக்கும், இந்த மனிதரிடம் எதைக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டு, சமரசம் செய்துகொண்ட கேள்வியாக வெளியே வரும். நூலகர் காதில் விழுவது அந்த நான்காவதுதான். அங்கிருந்து பின்னோக்கி நடந்து முதல் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அதைப் பேசித்தான் செய்ய முடியும்.

டெய்லர் எழுதியது பொதுவான வாசகரைப் பற்றி. நம் ஊரில் அந்த நான்காவது படியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் மேசைக்கு வரும் முன்பே கேள்வியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வருகிறார்கள். மேசையில் இருப்பவர் மீதியை வெட்டுகிறார். இந்த வெட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் நடுவில் ஓடும் காவிரியின் கரையிலேயே இருக்கிறது.

திருப்பாணாழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதைதான். உறையூரில் பிறந்தவர், பாணர். தீவுக்குள் கால் வைக்க முடியாமல் தென்கரையில் நின்று அரங்கனை நோக்கிப் பாடுகிறார். கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனி அவரை விலகிப் போகச் சொல்கிறார். பாட்டில் கரைந்திருந்த பாணர் காதில் அது விழவில்லை. கல் பறக்கிறது, நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கனே கட்டளையிட, அதே முனி பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோகிறார். பாணர் பெருமாளோடு கலந்துவிடுகிறார்.

கதையைச் சொல்கிறவர்கள் தோளில் சுமந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் கண் வேறு இரண்டு இடங்களில் நிற்கிறது. கரையில் நின்ற மனிதரிடம் கோயிலைச் சேர்ந்தவர் பேசிய முதல் வார்த்தை “விலகு” என்பது. உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. இன்னொன்று, உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அவருக்குப் பின்னால் உறையூர்ப் பாணர் தெருவிலிருந்து இன்னொருவர் நடந்து உள்ளே போனதாக எந்தக் கதையும் இல்லை.

அதே திருவரங்கம் கோயிலில் ஒரு நூலகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர்கள் கண்ணனூரில், அதாவது இன்றைய சமயபுரம் பக்கத்தில், தங்கி இந்தப் பகுதியை ஆண்ட காலம். அக்காலத்துக் கல்வெட்டு ஒன்று கோயிலுக்குள் ‘சரசுவதி பண்டாரம்’ அமைத்ததையும், அங்கே ஹயக்ரீவர், சரசுவதி, வியாசர் திருவுருவங்களை வைத்ததையும் சொல்கிறது. பண்டாரம் என்றால் கருவூலம். பொன்னைப் போலச் சுவடியையும் காத்தார்கள். காப்பவருக்கு ஒரு வேலை உண்டு, அது பூட்டுவது. அந்தப் பண்டாரத்தின் வாசலுக்கு வந்து கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைக் கோயிலின் மதில்களே சொல்லிவிடும். ஏழு சுற்று மதில்.

இதனால் நம் பக்கம் சுவடியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் தம் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் பட்லராக இருந்த கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்கிறார் பண்டிதர். யார் கையில் சுவடி இருந்தது என்பதை நூலக வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பது எங்கள் எண்ணம்.

பண்டிதர் வாழ்க்கையிலேயே ஒரு ‘மேசை’ இருக்கிறது. 1892, சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியின் பிரதிநிதியாகப் போன பண்டிதர் எழுந்து, விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டம் கத்தியது. உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் எல்லாம் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்று பதில் வந்தது. உங்கள் ரேக் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் இதன் சுருக்கம். பண்டிதர் விடவில்லை. சரி, உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், கிராமந்தோறும் எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், புறம்போக்காகக் கிடக்கும் நிலமும் கொடுக்கும்படி அரசைக் கேளுங்கள் என்றார். அதற்குச் சபை தீர்மானம் போட்டது.

அதே 1892, செப்டம்பர் 30. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி முந்தைய ஆண்டு எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக அரசாணை எண் 1010 வருகிறது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். ‘டிப்ரஸ்டு கிளாஸ்’ மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அந்த நிலத்தை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. ‘டிப்ரஸ்டு கிளாஸ்’ என்பதன் முதல் எழுத்துகள்தான் அப்பாயியின் வாயில் ‘டி.சி.’. 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டுப் பகுதியில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தது இந்த இரண்டு எழுத்துக்காகத்தான். அந்த எழுத்துகளைக் கேட்கப் போன ஒரு பெண்ணைத்தான் கடைசி ரேக்குக்கு அனுப்பினார்கள்.

கதவு திறந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறோம். 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். செப்டம்பரில் அது அரசாணையானது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு அதையே இன்னும் உறுதியாகச் சொன்னது. இடையில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான், அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழி செய்தது. ஆக, சேரியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்தான். மேசைக்கு முன்னால் நிற்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். வேலை பிடிக்காமல் திரும்பப் பார்த்தவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே குராய்டன் பொது நூலகத்தில் எல்லாத் தரப்பு மக்களும் வந்து கேட்பதையும், நூலகர்கள் எழுந்து போய் உதவுவதையும் பார்த்துவிட்டு வந்தார். 1931இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். 1940இல் குறிப்புதவிப் பணிக்கென்றே தனி நூல் எழுதினார். அட்டைப் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது போதாது, வாசகரையும் நூலையும் சேர்த்துவைக்க ஒரு மனிதர் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவரைப் பற்றி நமக்கு வேறு விமர்சனங்கள் இருக்கலாம், ஆனால் இந்தப் பிடிவாதம் நமக்கு வேண்டியது. ஒவ்வொரு ஆகஸ்ட் 12ஆம் தேதியும் அவர் படத்துக்கு மாலை போடும் நூலகங்கள், அந்த நாளிலாவது இரண்டாவது விதியை மேசையில் ஒட்டிவைக்கலாம்.

அவருக்கும் முன்னால், 1876இல், அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து நூலகர் சாமுவேல் கிரீன் ஒன்று சொன்னார். கடைக்காரர் வாடிக்கையாளரை எதுவும் வாங்காமல் வெளியே விட எவ்வளவு தயங்குவாரோ, அவ்வளவு தயக்கம் நூலகருக்குப் பதில் கிடைக்காத வாசகரை அனுப்பும்போது இருக்க வேண்டும் என்றார். என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடையில் நீங்கள் ஒரு சேலை கேட்டால் நாற்பது சேலையை விரித்துப் போடுவார்களே, அதைத்தான் சொல்கிறார். அங்கே உங்கள் காசுக்குச் சாதி தெரியாது என்பது ஒரு வேறுபாடு.

ஆனால் கிரீன் பேசிய அதே நாட்டில்தான் கறுப்பின மக்களுக்கு நூலக மேசை மூடியிருந்தது. 1939 ஆகஸ்ட் 21 அன்று வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் போனார்கள். மேசையில் உறுப்பினர் அட்டை கேட்டார்கள், மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துத் தனித்தனி மேசையில் அமர்ந்து சத்தமில்லாமல் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. ஏற்பாடு செய்தவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். நகர நிர்வாகம் அடுத்த ஆண்டு என்ன செய்தது தெரியுமா? கறுப்பினத்தவருக்கெனத் தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிக் கொடுத்தது. இரட்டைக் குவளை! டக்கர் அந்த நூலகத்தின் அட்டையை வாங்க மறுத்துவிட்டார். 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்தில் டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையர் நூலகத்துக்குப் போனபோது இன்னும் கூர்மையாகத் திட்டமிட்டார்கள். கறுப்பினத்தவர் நூலகத்தில் இல்லாத புத்தகங்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போய், அவற்றைத்தான் கேட்டார்கள். அவர்களும் கைதானார்கள்.

அந்த ஒன்பது பேருக்குப் புத்தகத்தின் பெயர் தெரிந்திருந்தது. நம் வரலாற்றைத் தேடுபவருக்கு வரும் பெரிய சிக்கல் அந்த இடத்தில்தான். நம் பெயரே பத்து முறை மாறியிருக்கிறது. 1878இல் லூயிஸ் மூர் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேட்டிலும் 1907இல் ஹெமிங்வே தயாரித்த கெசட்டியரிலும் போய் ‘தலித்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே நாம் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று தனித்தனிச் சாதிப் பெயரில் கிடக்கிறோம். வேறு ஆவணங்களில் பஞ்சமர். வேறு சிலவற்றில் டிப்ரஸ்டு கிளாஸ். 1922 அரசாணைக்குப் பிறகு ஆதிதிராவிடர். பிறகு பட்டியல் சாதி, அரிசன். இன்னொன்றும் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். 1920களில் சேரி மனைப்பட்டா, சேரிக் கிணறு, சேரிப் பள்ளி எல்லாவற்றையும் கவனித்தது தொழிலாளர் துறை, அதாவது ‘லேபர் டிபார்ட்மெண்ட்’. அந்தக் கோப்புகளைத் தேடுபவர் ‘லேபர்’ என்று கேட்க வேண்டும். 1949இல் வந்த அரிசன நலத்துறையின் பெயரில் கேட்டால், அதற்கு முந்தையது எதுவும் இல்லை என்ற பதில்தான் வரும். வாரச் சாகுபடி பற்றிப் படிப்பவர், 1958இல் நம் மாவட்டத்துக்கென்றே போடப்பட்ட சட்டத்தின் பெயர் ‘திருச்சிராப்பள்ளி கையேறுவாரம், மாட்டுவாரம் சட்டம்’ என்று தெரியாமல் எப்படிக் கேட்பார்?

இதையெல்லாம் ஒரு மாணவி தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தெரிந்திருந்தால் அவருக்கு மேசையே தேவையில்லை.

அந்த மாணவியை எங்கள் வட்டத்தின் மூத்த தோழர் ஒருவர் பிறகு வேறொரு நூலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவரும் கேட்ட முதல் கேள்வி அதேதான்: “எந்த ஊரும்மா?”

மாணவி உடனே தலை குனிந்துகொண்டாராம். தோழர் சொன்னார். நம் எல்லோருக்கும் அந்தக் குனிதல் தெரியும். பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில், கல்லூரிச் சேர்க்கையில், “எந்த ஊரு, எந்தப் பக்கம், எந்தத் தெரு” என்று மூன்று படியில் சாதியைக் கண்டுபிடிக்கும் கணக்கு நம் நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் இவர் கையில் பென்சில் இருந்தது. “எதுக்குக் கேக்கறேன்னா, இப்ப தொட்டியம் தாலுகாவா இருக்கற ஊர் பழைய காகிதத்துல முசிறி தாலுகாவுல இருக்கும். தொட்டியம்னு தேடினா கெடைக்காது. அதான்.” அடுத்து, “உங்க அப்பாயி அந்த நெலத்த என்னன்னு சொல்லுவாங்க? அவங்க சொன்ன வார்த்தையையே சொல்லு, திருத்தாத.”

“டி.சி. நெலம்.”

“அது போதும்மா. உக்காரு.”

இருவர் கேட்டதும் ஒரே சொற்கள்தான். முதலாமவர் கேட்டது அவளை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள. இரண்டாமவர் கேட்டது காகிதத்தை எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ள. ஏன் கேட்கிறேன் என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் கேள்வியின் சாதி போய்விட்டது. அவர் எந்தச் சாதியோ, எங்களுக்குத் தெரியாது, தோழரும் விசாரிக்கவில்லை.

அன்று அந்த நூலகத்தில் நிலத்தைப் பற்றிய காகிதம் ஒன்றும் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. அது நூலகத்தில் வைக்கும் பொருளல்ல. ஆனால் அவர் மாணவியை வெறும் கையோடு அனுப்பவில்லை. மாவட்டக் கெசட்டியரைக் கொடுத்து முசிறி தாலுகா பக்கங்களைப் படிக்கச் சொன்னார். கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் என்ன பார்க்க வேண்டும், குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கும், பழைய பதிவேட்டையும் பிற்காலப் பதிவேட்டையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போ என்றார். “தாலுகா ஆபீஸ்ல எதுக்கு வேணும்னு கேப்பாங்க. வாயால கேக்காத, தகவல் உரிமை மனு போடு” என்றார்.

இந்தக் கடைசி யோசனையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவுப்படி, தகவல் கேட்பவரிடம் ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர அவரைப் பற்றிய சொந்த விவரமும் கேட்கக் கூடாது. 6(1)இன் கீழ், எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது அந்த அலுவலரின் கடமை. டெய்லர் சொன்ன வேலையையே நம் பாராளுமன்றம் சட்டமாக எழுதிவைத்திருக்கிறது. நூலக மேசைகளுக்கு இப்படி ஒரு விதி எழுத்தில் வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். திருச்சியில் காமராசர் பெயரில் பெரிய நூலகம் எழுந்துகொண்டிருக்கிறது. எத்தனை மாடி, எத்தனை லட்சம் புத்தகம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள் என்று கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வாருங்கள்.

மாணவியின் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. பழைய பதிவேட்டு நகலில் சர்வே எண்ணுக்கு நேராகக் குறிப்புக் கலத்தில், மங்கிப்போன மையில், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. பிற்காலப் பதிவேட்டில் அதே கலம் காலியாக இருக்கிறது. அவர் இரண்டு நகலையும் எடுத்துக்கொண்டு முதலில் போனது வக்கீலிடம் அல்ல. அந்தப் பெரியவர் இருக்கும் மேசைக்குப் போய்க் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எந்த வருடத்துக்கும் எந்த வருடத்துக்கும் நடுவில் அது காணாமல் போயிருக்கும் என்று கேட்டாராம். இப்போது இருவரும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.